குடும்பத்துக்குக் கட்டுப்படியான கப்பல்: சென்னைக் கரையின் பயணக் கட்டண வரலாறு

சென்னையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறும் வழக்கம் நூற்றைம்பது ஆண்டு பழையது. அதில் மிகப் பெரும்பகுதி பிழைப்புக்கான பயணம். பொழுதைக் கழிப்பதற்காகக் கப்பலில் ஏறி அதே துறைமுகத்தில் திரும்பி இறங்குவது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த பழக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கணக்கு இருக்கிறது: எந்தக் கம்பெனியின் கப்பல், எந்த வகுப்பு, பிள்ளைகளுக்கு எவ்வளவு. படப்பை வட்டாரம் இந்தக் கணக்கை இரண்டு காலங்களிலும் அறிந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களுள் ஒன்றாக அது இருந்தபோது, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்றாக இருந்தது. இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பிய குடும்பங்களின் ஊராக அது மாறியிருக்கிறது. துறைமுகம் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். கைக்குழந்தையோடு அந்தப் படகில் ஏறுவதே பயணத்தின் அச்சமூட்டும் பகுதியாக இருந்திருக்கும். 1861இல் இரும்புத் தூண்கள்மேல் அமைந்த இறங்குபாலம் வந்தது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறந்த பிறகுதான் கப்பல்கள் அமைதியான நீரில் நிற்க முடிந்தது.

அந்தக் காலத்தில் வங்கக் கடல் முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. வில்லியம் மெக்கினன் 1856இல் கல்கத்தா–பர்மா வழிக்காகத் தொடங்கியது 1862இல் இந்தப் பெயரைப் பெற்றது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்களில் பெரும்பாலோர் அதன் டெக் பயணிகள். டெக் டிக்கெட் என்றால் அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. தளத்தில் பாய் விரித்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. தகரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, ஊறுகாய் ஜாடி ஆகியவற்றை எல்லையாக வைத்து ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டெக் வகுப்பில் விலை ஆளைப் பொறுத்தது. அங்கே குழந்தை பாதி ஆள். 1887ஆம் ஆண்டின் சுதேசப் பயணிக் கப்பல் சட்டம் ஒரு கப்பல் எத்தனை பேரை ஏற்றலாம் என்று வரையறுத்தபோது, ஒரு வயது நிரம்பாத குழந்தையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட இருவரை ஒரு பயணியாக எண்ணியது. சட்டத்தின் நோக்கம் நெரிசலைக் கட்டுப்படுத்துவது. ஆனால் இந்தக் கணக்கின்படி, பிள்ளைகள் நிறைந்த குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைத்த இடமும் பாதியானது. மலிவுக்குக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

கம்பெனிகளுக்குள் போட்டி வந்தால் கட்டணம் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. கொழும்பு வழியில் தனியாகக் கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி கடைசியில் இலவசமாக ஏற்றியதோடு பயணிக்கு ஒரு குடையும் கொடுக்க முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எட்டணா டிக்கெட்டும் அதோடு போயிற்று. இரண்டு கம்பெனிகள் இருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் கொழும்பு வழியில் சாதாரணப் பயணிக்குத் தேர்வு என்ற ஒன்று இருந்தது; அதைத் தந்தவர் அதற்காகச் சிறையில் செக்கிழுத்தார்.

கொழும்புக்குப் போவதற்கு 1914இல் இன்னொரு வழி பிறந்தது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடிவரை நீண்டது. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் போன்ற கப்பல்களில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்து தலைமன்னார், பிறகு மறுபடியும் ரயிலில் கொழும்பு. செங்கல்பட்டு வழியாகச் சென்ற அந்த ரயில் படப்பைப் பக்கத்து மக்களுக்கும் எட்டும் தூரத்தில் இருந்தது. கடலில் கழியும் நேரம் சில மணி மட்டுமே என்பதால், பிள்ளைகளோடு போனவர்களுக்கு இதைவிட வசதியான வெளிநாட்டுப் பயணம் பிறகு வாய்க்கவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ராமானுஜம் கப்பல் ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் அதில்தான் வந்து இறங்கின. அவர்களுக்குக் கப்பலையும் கரையையும் வேறு யாரோ தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மலாயா வழியில் நெடுங்காலம் கட்டணம் கொடுத்தவர் பயணியே அல்ல. 1907இல் அங்கே தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்து ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி அழைத்து வந்த தொழிலாளியையும் அவர் குடும்பத்தையும் ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் தங்கவைத்துக் கப்பலேற்றும் செலவு அந்த நிதியிலிருந்து வந்தது. டிக்கெட் இலவசம் என்பது ஊரில் பெரிய ஈர்ப்பாக இருந்தது. திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றிய பேச்சு குறைவாகவே இருந்தது. 1938இல் இந்திய அரசு இத்தகைய ஆள் அனுப்புதலைத் தடை செய்தது.

அந்த வழியின் புகழ்பெற்ற கப்பல் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. 8,000 டன்னுக்கு மேல். தொடக்கத்தில் 5,000க்கும் கூடுதலான டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. கேபின் பயணிகளோ சில டஜன் பேர்தான். அதன் உடன்பிறப்பான ரோனா, இரண்டாம் உலகப்போரில் துருப்புகளைச் சுமந்து சென்றபோது 1943 நவம்பரில் அல்ஜீரியாவுக்கு அப்பால் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு மூழ்கியது. ரஜூலா தப்பியது. போருக்குப் பிறகு டெக் பயணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற பாதையில் அது 1970கள்வரை ஓடியது. பினாங்கு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1953இல் மலாயா குடிநுழைவைக் கட்டுப்படுத்திய பின் புதிதாகப் பிழைக்கப் போவோர் குறைந்து, விடுப்பில் ஊருக்கு வரும் குடும்பங்களும் கல்யாணத்துக்குப் போகும் உறவினரும் அதன் பயணிகளானார்கள். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் முதியவர்கள் இன்றும் அந்தக் கப்பலின் பெயரைச் சொந்தக்காரர் ஒருவரின் பெயரைப்போலச் சொல்வதற்கு இந்த ஆண்டுகளே காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசுக் கப்பல் ஒன்றும் இந்த வழிக்கு வந்தது. ஈஸ்டர்ன் ஷிப்பிங் கார்ப்பரேஷனின் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், 1961 அக்டோபரில் உருவான ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவின் கப்பலாயிற்று. ரஜூலாவா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸா என்று குடும்பங்கள் யோசித்துத் தேதி பார்த்த காலம் அது. 1973இல் ரஜூலாவும் அதே நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்ற பெயரில் சிறிது காலம் இருந்து உடைக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியது சிதம்பரம். 1966இல் பிரான்சில் பாஸ்தர் என்ற பெயரோடு பிறந்து தென் அமெரிக்க வழியில் ஓடிய கப்பலை வாங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்க் படுக்கைகள் அமைத்து, வ.உ.சி.யின் பெயரைச் சூட்டினார்கள். தளத்தில் பாய் விரித்த தலைமுறைக்குப் பின் ஆளுக்கொரு படுக்கை கிடைத்தது பெரிய மாற்றம். கட்டணத்தின் அலகும் அப்போதே ஆளிலிருந்து படுக்கைக்கு மாறியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் மூண்ட தீயில் பலர் உயிரிழந்தனர்; கப்பல் உடைப்புக்குப் போனது. ஜெட் விமானங்கள் சில மணி நேரத்தில் சிங்கப்பூர் சேர்த்துவிட்ட காலத்தில் அதற்கு மாற்றுக் கப்பல் வரவில்லை. சென்னை–சிங்கப்பூர் பயணிக் கப்பல் வழி அத்தோடு முடிந்தது.

போக்குவரத்தாக இருந்த கப்பல் உல்லாசமாக மாறியது வேறு கரைகளில். 1972இல் டெட் அரிசன் மயாமியில் தொடங்கிய கார்னிவல், பணக்காரர்களின் கடற்பயணத்தை நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறையாக்கியது. ஆசியாவில் 1993இல் மலேசியாவின் கெந்திங் குழுமம் ஸ்டார் குரூஸஸைத் தொடங்கியது; சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அதன் கப்பலில் இரண்டு மூன்று இரவு தங்குவது தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பொதிகளில் இடம்பிடித்தது. கட்டணத்தின் இலக்கணம் இங்கே முற்றிலும் வேறு. கேபின்தான் அலகு. இருவர் தங்கும் அறைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விலை. அதே அறையில் சுவரிலிருந்து இறங்கும் படுக்கையில் உறங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மிகக் குறைவு, சில பருவங்களில் குழந்தைக்கு எதுவுமே இல்லை. தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை. தாத்தாவும் பாட்டியும் சேர்ந்தால் இரண்டாவது கேபின் வேண்டும். கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். டெக் வகுப்பு கூட்டுக் குடும்பத்துக்கு உகந்ததாக இருந்தது. கேபின் நால்வருக்காக அளந்து செய்யப்பட்டது. இந்திய ரயில்வே 2016 ஏப்ரல் முதல், படுக்கை வேண்டும் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு முழுக் கட்டணம் என்று மாற்றியதும் இதே தர்க்கம்தான், எதிர்த்திசையில்.

சென்னைக் கரையில் உல்லாசக் கப்பல் ஓட்டும் முயற்சி 2011இல் நடந்தது. கானாத்தூரின் அமெட் கடல்சார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனம் அமெட் மெஜஸ்டி என்ற கப்பலைக் கொண்டுவந்தது, நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் தொடங்கிய ஸ்கோஷியா பிரின்ஸ், போதிய பயணிகள் இல்லாமல் நவம்பரில் நின்றது.

2022 ஜூன் 4 அன்று கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் சென்னையிலிருந்து புறப்பட்டது, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்தார். 1990இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட, 48,000 டன்னைத் தாண்டிய கப்பல் அது. ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் விசாகப்பட்டினம், புதுச்சேரி செல்லும் ஐந்து இரவுப் பயணமும் அறிவிக்கப்பட்டன. சூதாட்டக் கூடம் குறித்த எதிர்ப்பால் அந்த ஆண்டு புதுச்சேரி அதை அனுமதிக்கவில்லை. 2023 ஜூனில், 17.21 கோடி ரூபாயில் அமைந்த சென்னைப் பயணியர் முனையத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணம் தொடங்கியது.

படப்பைக் குடும்பம் ஒன்று கணக்குப் போடும்போது விளம்பரக் கட்டணம் தொடக்கப்புள்ளி மட்டுமே. சன்னல் இல்லாத உள் கேபினுக்கான விலை அது. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை மேலே சேரும். பொது உணவகச் சாப்பாடு கட்டணத்துக்குள் அடங்கும். இணையம், மது, கரைச் சுற்றுலா தனி. இலங்கைத் துறைமுகம் இருக்கும் பயணமானால் கைக்குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டும். இவற்றைவிடப் பெரிய இடர் பருவம். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதுதான், மற்ற மாதங்களில் மும்பையிலிருந்து ஓடும் கார்டிலியா கப்பல் சென்னைக்கு வருகிறது. அது ஜூன், தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் மாதம். ஆலைகளுக்கு ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறை வரும் ஐப்பசியை ஒட்டிய நாட்களிலோ வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடல் கொந்தளிக்கும். இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார்கள் சென்னைத் துறைமுகத்தில் எந்த மாதமும் கப்பலேறுகின்றன. அவற்றைச் செய்யும் கைகளுக்கு அந்த நாட்காட்டி வாய்க்கவில்லை.

குறைந்த செலவில் கடலைக் காட்ட விரும்பும் பெற்றோருக்கு இன்று வேறு இரண்டு வழிகள் உண்டு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை வழியில் செரியபாணி என்ற வேகக் கப்பல் தொடங்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையால் ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அந்த வழியில் வந்தது. 60 கடல் மைல், நான்கு மணி நேரம். இருக்கைக்குத்தான் கட்டணம், ஆகவே ஐந்தாவது ஆளால் கணக்கு குலையாது.

மற்றொன்று அந்தமான் கப்பல். சென்னையிலிருந்து பழைய போர்ட் பிளேருக்கு, இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, நான்கவுரி போன்ற அரசுக் கப்பல்கள் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை மூன்று நாளில் கடக்கின்றன. நீச்சல் குளமோ நாடக அரங்கோ அதில் கிடையாது. தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் தரும், அரசு மானியத்தில் ஓடும் சேவை அது. பங்க் வகுப்பு, கேபின் வகுப்புகள் என்ற பழைய பிரிவுகள் அதில் இன்றும் இருக்கின்றன. புறப்படும் தேதிகள் சில வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்படும், கடைசி நேரத்தில் மாறவும் செய்யும். ஆகவே விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் போகும்போது கப்பலிலும் வரும்போது விமானத்திலுமாகத் திட்டமிடுகிறார்கள்.