லண்டன் – பாரிஸ்: தொலைவும் பயண நேரமும்

பிரிட்டனின் தலைநகர் லண்டனுக்கும் பிரான்சின் தலைநகர் பாரிஸுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 344 கி.மீ. லண்டனின் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு அளந்தாலும் 350 கி.மீ.யைத் தொடாது. நடுவே ஆங்கிலக் கால்வாய் கிடப்பதால் சாலை வழி சுமார் 460 கி.மீ., ரயில் பாதை 492 கி.மீ.

விமான அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். வானில் இருப்பதோ முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பது நிமிடம். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்பது வரை அட்டவணைக் கணக்கு. இரண்டே ஓடுபாதைகள் கொண்ட ஹீத்ரோவில் புறப்பட வரிசை, இறங்கவும் வரிசை. பிகின் ஹில் போன்ற காத்திருப்பு வட்டங்களில் விமானங்கள் சுற்றிக்கொண்டிருப்பது அங்கே அன்றாடக் காட்சி.

பயணச்சீட்டைப் பார்ப்பவர் குழம்பும் இடம் வேறு. பாரிஸ் கடிகாரம் ஆண்டு முழுவதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. லண்டனில் காலை 10:00 மணிக்குக் கிளம்பும் விமானம் பாரிஸில் 12:20க்கு இறங்கும். திரும்பும்போது பிற்பகல் 2:00 மணிக்கு ஏறினால் லண்டனில் 2:20! இருபது நிமிடத்தில் கால்வாயைத் தாண்டிவிட்டதாகச் சீட்டு சொல்லும்.

உலகின் முதல் அன்றாடப் பன்னாட்டு விமான சேவை இந்தத் தடத்தில்தான் 1919 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது. இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸ் அருகிலுள்ள லெ பூர்ஜே வரை இரண்டரை மணி நேரம். ஒரே ஒரு பயணி. துணைக்குச் செய்தித்தாள்களும் டெவன்ஷயர் பாலேடும் காட்டுக்கோழிகளும். கீழே தெரியும் சாலையைப் பார்த்தே விமானி வழி கண்ட காலம் அது. 1922 ஏப்ரல் 7 அன்று வடக்கு பிரான்சில், பார்வை மங்கிய வானில் எதிரெதிரே வந்த இரு பயணிகள் விமானங்கள் மோதி ஏழு பேர் இறந்தனர்.

விமானத்துக்கு உண்மையான போட்டி 1994இல் வந்தது. கால்வாயைக் கடக்க 50.45 கி.மீ. நீள ரயில் சுரங்கம், அதில் சுமார் 38 கி.மீ. கடலடியில். அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் யூரோஸ்டார் ரயில் ஓடுகிறது. முதலில் மூன்று மணி நேரம் பிடித்தது. 2007இல் பிரிட்டன் பக்கத்து அதிவேகப் பாதை முழுதும் முடிந்ததும் விரைவான வண்டிகள் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேரத் தொடங்கின. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். நகரின் நடுவில் ஏறி நகரின் நடுவில் இறங்குவதால், விமான நிலையங்களுக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரயிலே வெல்கிறது. கட்டணத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

பாரிஸில் யூரோஸ்டார் நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு நடந்தே போய்விடலாம்.