பட்டினத்தடிகள் அன்னைக்குப் பாடிய இரங்கற்பா

இறந்தார்க்கு இரங்குதல் மாந்தர் யாவர்க்கும் இயல்பு. அவ்விரக்கத்தைச் சபை நடுவே சொல்லாக்கி உரைத்தலோ சிலர்க்கே கைவருவது. நம் சங்கத்துக் குடும்பங்களில் எவரேனும் காலஞ்சென்றால், கருமாதியன்று சரமகவி அச்சிட்டு வழங்குதலும், ஒருவர் எழுந்து பேசுதலும் வழக்கமாயுள்ளன. அவற்றை எங்ஙனம் இயற்றுவது என்று அன்பர் சிலர் நம்மை வினவினர். அதற்கு வழிகாட்டியவர் திருவொற்றியூர்க் கடற்கரையிலேயே சமாதி கொண்டுள்ளார்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலத்துதித்த பட்டினத்தடிகள் திரண்ட செல்வத்தையும் இல்லறத்தையும் துறந்தார். அன்னையை மட்டும் முற்றத் துறக்க இயலாது, ஈமக்கடன் செய்ய வருவேனென வாக்களித்துச் சென்றார் என்பது கர்ணபரம்பரை. அன்னை இறந்தபோது சுடலைக்கு வந்து, விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்பர். ஆதிசங்கரரும் துறவு பூண்ட பின்னர்த் தம் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றினார் என்னும் வரலாறு இங்கே ஒப்புநோக்கற்பாலது.

அடிகள் அப்போது பாடியனவாக வழங்குபவை 10 வெண்பாக்கள். அவற்றுள் அன்னையின் பெயரில்லை; குலப்பெருமையில்லை; செல்வச் சிறப்புமில்லை. வயிற்றிற் சுமந்ததும், பாலூட்டியதும், தொட்டிலிலும் தோளிலும் வைத்துக் காத்ததும், மகனைச் சீராட்டி அழைத்ததுமே உள்ளன. அத்தகையாளுக்கு வாய்க்கரிசி இடுவதெங்ஙனம், தீ மூட்டுவதெங்ஙனம் என்று மகன் கலங்குகின்றான். ஈற்றிற் பால் தெளிக்க யாவரையும் அழைத்து, அனைத்தும் சிவமே எனத் தேறுகின்றான். தன் துயரைச் சொல்லத் தொடங்கியவன், கூடியிருந்தாரையும் தேற்றி முடிக்கும் முறை இது.

நிற்க. பதினோராந் திருமுறையிலுள்ள திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது முதலியவற்றை அருளிய பட்டினத்துப் பிள்ளையார் வேறு. எளிய நடையில் இத்தகைய பாடல்களைப் பாடியவர் பிற்காலத்தவர் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். பாடியவர் எவராயினும், அப்பாடல்கள் இன்றும் நம் இழவு வீடுகளில் ஒலிக்கின்றன.

நம் சரமகவிகளோ பட்டமும் பதவியும் நிறைந்து, ஆளை மாற்றினும் பாட்டு மாறாதனவாய் இருக்கின்றன. இக்குற்றம் நமக்கும் உண்டு. இராயபுரத்து மூதாட்டி ஒருவர்க்கு நாம் உரைத்த இரங்கலுரையில், அவர்தம் மக்கள் வகித்த பதவிகளை அடுக்கினோம். துறைமுக வேலைக்குச் சென்ற அம்மக்களுக்கு அவர் வைகறையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்ததைக் கூற மறந்தோம். அவர் மகள் பின்னர் நம்மிடம் வந்து, "என் தாயாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா!" என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

ஆதலின் சகோதர சகோதரிகளே, எழுதுகோலை எடுக்குமுன், இறந்தவர் கையால் நாம் பெற்றது யாதென நினைவு கூருங்கள். அதனையே எளிய சொற்களில் எழுதுங்கள். ஒருமுறை பிள்ளைகளுடன் ஒற்றியூர் சென்று அடிகளின் சமாதியையும் தரிசித்து வாருங்கள்.