சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லாப் பறப்பு

சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தையும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் இடைநில்லாப் பறப்பு, உலகின் மிக நீண்ட பயணிகள் வான்வழிகளுள் ஒன்றாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதனை இயக்குகிறது. தொலைவு ஏறத்தாழ 15,350 கி.மீ.; பயண நேரம் சுமார் பதினெட்டரை மணி.

இத்தொலைவு பெருவட்டத்தின் வழியே, அதாவது புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய பாதையில், அளக்கப்படுவது. இப்பாதை வட துருவத்திற்கு அருகில் செல்கிறது. தட்டையான நிலப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு வரைபவருக்கு இது புலப்படாது. எனினும் விமானம் பெரும்பாலும் இப்பாதையைப் பின்பற்றுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்றின் உந்துதலைப் பெறுவதற்காக, போகும்போது பசிபிக் வழியாகவும், திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் பறப்பது வழக்கம். அவ்வாறு சென்று திரும்பும் விமானம் உலகையே ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது!

2004 சூனில் அருகிலுள்ள நுவார்க் நிலையத்திற்கு இடைநில்லாச் சேவை முதலில் தொடங்கப்பட்டது. அதில் ஈடுபடுத்தப்பட்ட நான்கு பொறிகள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்களின் எரிபொருட் செலவு மிகுதியாதலால், 2013 நவம்பரில் அச்சேவை நிறுத்தப்பட்டது. இரு பொறிகள் மட்டுமே கொண்ட ஏ350-900யூஎல்ஆர் வந்த பின்னர், 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. கென்னடி நிலையத்திற்கான சேவை 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது.

இவ்விமானத்தின் எரிபொருட் கொள்ளளவு 1,65,000 லிட்டர். கலங்கள் நிரம்பினால், புறப்படும்போதுள்ள மொத்த எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருளே. அந்த எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும் என்பதால், பயணிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டுள்ளது. இருக்கைகள் 161 மட்டுமே (வணிக வகுப்பு 67, உயர்தரச் சிக்கன வகுப்பு 94). சாதாரணச் சிக்கன வகுப்பு இதில் இல்லை.