எக்கோப்பு எப்பொதிக்கு உரியது?

2012-ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில், கணினியொன்றில் இடம் போதாமற் போயிற்று. நிர்வாகிக்குரிய கடவுச்சொல் என் கையில் இருந்தது. அதற்கேற்ற அறிவுதான் இல்லை. பெயர் விளங்காத கோப்புகள் சிலவற்றை வேண்டாதவை எனக் கருதி அழித்துவிட்டேன். மறுநாள் வினாத்தாள் அச்சிட முனைந்தால், 'இன்ன கோப்பு இல்லை' என்னும் ஒரு வரியே திரையில் நின்றது. தேர்வுக்கோ ஒரே நாள்! பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டளையொன்றைத் தட்டி, அழிந்த கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று கண்டாள், அப்பொதியை மறுபடி நிறுவினாள், அச்சு ஓடிற்று. இல்லாத கோப்புக்கு உரியவரைக் கண்டுபிடித்தது எவ்வாறு?

முற்காலத்தில் ஒரு கோப்பைத் தேட, வட்டு முழுவதையும் அறை அறையாகத் துழாவ வேண்டும். 1983-இல் ஜேம்ஸ் உட்ஸ் என்பார், யூனிக்ஸ் பயனர் சங்கத்தின் செய்தியிதழில் வேறொரு வழியை விளக்கினார். கோப்புப் பெயர்களை முன்னதாகவே அகரவரிசையில் எழுதிவைத்து, அவ்வேட்டில் தேடுவதே அவ்வழி. ஏடு பெருக்காதிருக்க அவர் கையாண்ட உத்தி அழகானது. 'மரக்கலம், மரக்கால், மரக்கிளை' என்னும் சொற்களைப் பாருங்கள். முதற்சொல்லை முழுதும் எழுதியபின், '3, கால்', '3, கிளை' என எழுதினாற் போதுமன்றோ? முன்னைய சொல்லோடு ஒத்த எழுத்துகளின் தொகையே அந்த மூன்று. ஆயினும் இவ்வேடு இடையிடையே புதுப்பிக்கப்படுவது. ஆதலின் சற்றுமுன் பிறந்த கோப்பை அறியாது. பெயரை அறியுமேயன்றி உரியவரையும் அறியாது.

உரியவரைக் குறித்துவைக்கும் பொறுப்பைப் பொதிகளை நிறுவும் நிரல்கள் ஏற்றன. மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டியனுப்பும் மூட்டையே பொதி. 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனில், நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதிக்கும் அதன் கோப்புகளைக் கூறும் தனிப்பட்டியல் உண்டு. 1995-இல் ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி.எம். நிரலும் இத்தகைய குறிப்பை வைத்திருப்பதே. பட்டியலோ பொதியிலிருந்து கோப்புக்குச் செல்கிறது. நம் வினாவோ கோப்பிலிருந்து பொதிக்குத் திரும்புகிறது. டெபியன், வினா எழும்போது எல்லாப் பட்டியல்களையும் புரட்டிப் பார்க்கிறது. ஆர்.பி.எம்., கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் கொண்டு தனி அட்டவணையே அமைத்துவிட்டது. இன்னும் நிறுவாத பொதிகளில் தேட, டெபியனில் 'ஆப்ட்-ஃபைல்' என்னும் கருவி உண்டு. களஞ்சியம் வெளியிடும் முழு அட்டவணையை அது இறக்கி வைத்துக்கொள்ளும்.

எங்கள் பள்ளிக் கணினியில் இருந்தது, டெபியனை அடியொற்றிச் சென்னை சீடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். வட்டிலிருந்து கோப்பை நான் அழித்தேனேயன்றி, பட்டியலிலிருந்து அதன் பெயரை அழிக்கவில்லை. அம்மாணவிக்குத் துணைநின்றது அதுவே.

ஆனால், நான் அழித்தவற்றுள் இரண்டு எப்பட்டியலிலும் அகப்படவில்லை. அவை எந்தப் பொதியிலும் வந்தவையல்ல. கணக்காசிரியர் தாமே தட்டச்சிட்டு வைத்திருந்த மதிப்பெண் கோப்புகள். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், விடைத்தாள்களை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து தட்டினார்.