கரும்பின் பாகப்பிரிவினை

அரபியரின் ‘ஸுக்கர்’ என்னும் சொல்லும் தமிழரின் ‘சர்க்கரை’யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. சொல்லோடு பயிரும் பயணம் செய்தது. பாரசீகத்திலிருந்து எகிப்துக்கும் ஸிஸிலிக்கும் ஸ்பெயினுக்கும் கரும்பைக் கொண்டு சேர்த்தவர்கள் அரபியரே. சிங்காரப்பேட்டைச் சாலையில் கரும்பு வண்டியைக் காணுந்தோறும் நமக்கு இவ்வரலாறு நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வண்டியிலுள்ளது அன்றைய அரபியர் சுமந்த கரும்பன்று. கோயம்புத்தூரில் தொடங்கிய கலப்பினங்களின் வழித்தோன்றல்.

1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பை, தானே முளைத்துக் கிடக்கும் நாணற்கரும்போடு கூட்டி ‘கோ 205’ என்ற இனத்தை உண்டாக்கினர். 1918இல் அது பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது.

இக்கலப்பில் ஒரு விந்தை உண்டு. உயிரணுவின் கருவுக்குள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. சாயம் ஏற்றி நுண்ணோக்காடியில் வைத்து அவற்றை எண்ணுகின்றனர். தாயினிடம் பாதி, தந்தையினிடம் பாதி பிள்ளைக்கு வரும் என்பது பொதுவிதி. இனிப்புக் கரும்புக்கு 80. கோவை நாணலுக்கு 64. ஆகவே பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 வரவேண்டும். எண்ணினால் 112! தந்தை பாதியே தந்தது. தாய்க்கரும்போ தன் 80ஐயும் அப்படியே தந்துவிட்டது. தாய்க்கரும்பின் இவ்வழக்கத்தை 1920களில் ஜாவாவில் ஆராய்ந்தவர் டச்சு அறிஞர் பிரெமர். ஃபராயிள் கணக்கில் பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றை மிஞ்சினால் ‘அவ்ல்’ முறையில் எல்லார் பங்கையும் குறைத்துச் சரிசெய்வோம். கரும்பு எதையும் குறைக்கவில்லை.

இத்தகைய எண்ணிக்கையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் பயின்று, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934இல் கோவை நிலையத்துக்கு வந்து, கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கூட்டிப் பார்த்தார். மணமாகாத பெண், மேற்குலத்தவர் அல்லர் என்பதால் அங்கே அவர் இடர்ப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒரு புல்லின் குலத்தைக் கண்டறிய நுண்ணோக்காடியை நாடிய காலத்தில், ஆய்வாளரின் குலத்தை அறிய அது தேவைப்படவில்லை போலும்!

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூல் 1945இல் வெளிவந்தது. எந்தச் செடிக்கு எத்தனை என்று தேடுவோர் கையில் பல்லாண்டுகள் இருந்த நூல் அது. நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; அப்போது வயது எண்பதை நெருங்கியிருந்தது. சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்து, 1984இல் காலமானார்.

வெங்கட்ராமன் ‘ஸர்’ பட்டம் பெற்றார். கரும்புகள் ‘கோ’ என்று கோவையின் பெயரைப் பெற்றன. அம்மையாரின் பெயர் நிற்பது ஒரு மக்னோலியா மரத்தில். இலண்டனுக்கு அருகே விஸ்லி தோட்டத்தில் பணிபுரிந்தபோது, கோல்சிசின் மருந்தால் குரோமோசோம்களைப் பெருக்கி அவர் வளர்த்த நாற்றுகளில் ஒன்று அது. பூ வெள்ளை.