கல்லுக்குள் நண்டு

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறார் என்று நம் முன்னோர் சொல்வதுண்டு. கல்லுக்குள் நண்டு இருந்தால் அது நமக்கு எதைச் சொல்லும்? இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஷெப்பித் தீவில் அத்தகைய நண்டுகள் கிடைக்கின்றன. கரையோரக் களிமண் மேடுகளை அலைகள் அரிக்கும்போது உருண்டைக் கற்கள் உதிர்கின்றன. அவற்றுள் சிலவற்றில் ஓடும் கொடுக்குமாக நண்டு உறைந்திருக்கிறது.

இவ்வுருவங்கள் பாறைக்குள் தாமாகவே வளர்ந்தவை என ஐரோப்பிய அறிஞர் பலர் முற்காலத்தில் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் டென்மார்க் நாட்டு உடற்கூற்று அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை அவர் பிளாரன்ஸ் நகரில் அறுத்து ஆய்ந்தார். மக்கள் 'நாக்குக் கற்கள்' என அழைத்தவற்றை அதன் பற்கள் அப்படியே ஒத்திருந்தன. அக்கற்கள் பண்டைய சுறாக்களின் பற்களே. அவற்றைச் சூழ்ந்த பாறையோ ஒருகாலத்தில் நீரடியில் படிந்த சேறு என்னும் முடிவுக்கு வந்தார். அடுக்கடுக்கான பாறைகளில் கீழுள்ளதே மூத்தது என்று 1669இல் எழுதினார்.

அவ்வழியில் நண்டையும் நாம் வாசிக்கலாம். நண்டு வளர வளர ஓடு கழற்றும். கழற்றிய ஓடு மெல்லியது. நெடுந்தொலைவு உருண்டால் சிதறிவிடும். எனவே, குலையாத ஓடு கல்லில் கிடைத்தால், நண்டு அங்கேயே வாழ்ந்தது, கடலடி அமைதியாயிருந்தது, சேறு விரைவில் மூடியது என்று அறியலாம். ஷெப்பியில் நண்டுகளோடு நிப்பா பனையின் கனிகளும் கிடைக்கின்றன. அப்பனை இன்று வெப்பநாடுகளின் கழிமுகச் சேற்றில் வளர்வது. ஆகவே, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது தெளிவு.

இத்தனை கோடி ஆண்டுகள் என்றதும், விசுவாசம் அசைந்துவிடுமோ என நம்மில் சிலர் அஞ்சுகிறோம். ஸ்டென்சன் தம் காலத்தவரைப் போலவே விவிலியக் காலக்கணக்குக்குள் நின்று சிந்தித்தவர். ஆயினும் கல் காட்டியதை அவர் மறைக்கவில்லை. லூத்தரன் சபையில் பிறந்த அவரது உள்ளத்தை, அதே 1666இல் அதே லிவோர்னோவில் கண்ட நற்கருணைப் பவனி தொட்டது. 1667இல் கத்தோலிக்கரானார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். 1686இல் ஏழையாகவே இறந்த அவரை 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளராக உயர்த்தினார்.

கல்லைப் படைத்தவரும் திருநூலைத் தந்தவரும் ஒருவரே. முரண்பாடு தோன்றினால், குறை நம் வாசிப்பில்தான் இருக்கும். பொறுமையோடு மீண்டும் வாசிப்போம். தேரைக்கு உணவளிப்பவர், கல்லுக்குள் நண்டை வைத்து நம் அறிவுக்கும் உணவளிக்கிறார்.