நிலத் தரகர்

நிலம், மனை, வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, விலை பேசி, கிரயம் முடியும்வரை உடனிருந்து, அதற்குக் கமிஷன் பெறுபவர் நிலத் தரகர். பேச்சு வழக்கில் இவரைப் புரோக்கர், மீடியேட்டர், ஏஜென்ட் என்று அழைப்பர். சொத்தின் உரிமை தரகர் கைக்கு ஒருபோதும் வருவதில்லை. பத்திரத்தில் ஏறாத ஊர்ச் செய்திகளை அறிந்து, உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பதே இவர் தொழிலின் சாரம். இக்கட்டுரை தமிழ்நாட்டு நிலத் தரகரைப் பற்றியது.

வரலாறு

தரகுத் தொழில் தமிழகத்தில் மிகப் பழமையானது. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் தானம் பெற்ற ஊர்களுக்கு நீக்கப்பட்ட வரிகளின் வரிசையில் தட்டார், வண்ணார் மீதான வரிகளோடு ‘தரகு’ என்பதும் இடம்பெறுகிறது. அரசு வரி விதிக்கும் அளவுக்குத் தரகு அன்றே ஊன்றிய தொழிலாக இருந்தது.

நில விற்பனையைப் பொறுத்தவரை சோழர் காலக் கல்வெட்டுகள் வளமான சான்று தருகின்றன. நிலத்தின் நான்கு எல்லைகளும் கிழக்கில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என ஒழுங்காகச் சொல்லப்படும். வாய்க்கால், வதி, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் எல்லாம் அதில் வரும். விலைப்பொருள் முழுவதும் கைக்கு வந்தது என்றும், இதற்குமேல் வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்றும் விற்பவர் உறுதி கூறுவர். ஊர்ச் சபையின் இத்தகைய ஆவணங்களைச் சபை பணிக்க எழுதியவன் மத்தியஸ்தன். அவன் சபையின் உறுப்பினன் அல்லன். எந்தத் தரப்பையும் சேராமல் கணக்கும் எழுத்தும் பார்த்தவன். இன்றைய நல்ல தரகரின் முன்னோடியாக அவனைக் கொள்வதே பொருத்தம்.

சிவன் கோயில்களின் நில வரவும் விற்பனையும் இறைவன் சார்பில் அவருடைய அடியாரான சண்டேசுவரர் பெயரில் நடந்தன. கோயில் நிலத்தைச் சண்டேசுவரர் பெயரால் விற்ற முறை ‘சண்டேசுவரப் பெருவிலை’ எனப்பட்டது. உரிமையாளர் நேரில் வராமல் அவர் சார்பில் இன்னொருவர் நின்று சொத்தைக் கைமாற்றும் கருத்து, இவ்வாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்த இடையாளர் இடத்துக்கு இருமொழி அறிந்த துபாஷிகள் வந்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் போன்றோர் மொழிபெயர்ப்பாளர்களாக மட்டுமன்றி வணிக முகவர்களாகவும் செயல்பட்டனர். 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டு ஜாகிர் என்னும் நிலப்பகுதி ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கிடைத்தபின், சென்னைத் துபாஷிகள் பலர் அப்பகுதிக் கிராமங்களில் மிராசு என்னும் பரம்பரை நிலப்பங்கு உரிமைகளை விலைக்கு வாங்கினர். எந்த ஊரில் எத்தனை பங்கு, யார் பங்கு விலைக்கு வரும் என்ற செய்தி அவர்களின் முதலீடாக இருந்தது.

1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணப் பதிவுக்கு வழிசெய்தது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளை வரையறுத்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆயினும் கிராமத்தில் நிலத்தின் கதை தெரிந்தவர் கிராமக் கணக்கரான கர்ணமாகவே நீடித்தார். பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்த அந்தப் பதவி 1980-இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டு, இடமாறுதலுக்குரிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பரம்பரை அதிகாரம் போனது நன்மையே. ஆனால் அதனோடு ஊரின் நில நினைவும் அலுவலகத்தை விட்டு வெளியேறியது. அந்த நினைவைத் தாங்கி நிற்பவர் இன்று ஊர்த் தரகர்.

வகைகள்

ஊர்த் தரகர்: நன்செய், புன்செய், தோப்பு ஆகியவற்றை ஏக்கர், சென்ட் கணக்கில் பேசுபவர். டீக்கடையும் பதிவு அலுவலக வாசலும் இவர் அலுவலகம்.

வீட்டுத் தரகர்: நகரில் ஒரு சில தெருக்களைத் தம் எல்லையாகக் கொண்டு வாடகை, ஒத்தி, பழைய வீட்டு விற்பனை பார்ப்பவர்.

மனைத் தரகர்: புதிதாகப் பிரித்த லேஅவுட்டுகளில் மனை விற்றுத் தருபவர். 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு சென்னை வட்டாரத்தில் இவர் அளவை.

நிறுவன முகவர்: அலுவலகம், ஊழியர், எழுத்து ஒப்பந்தம் என்ற முறையோடு நடத்துபவர். வெளிநாடுவாழ் தமிழர்களும் நிறுவனங்களும் பெரும்பாலும் இவர்களையே நாடுகின்றனர்.

பவர் ஏஜென்ட் தரகரல்லர். பொது அதிகாரப் பத்திரத்தின் வழி உரிமையாளர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர் அவர். அத்தகைய பத்திரம் மட்டுமே சொத்தின் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆவண எழுத்தரும் வழக்கறிஞரும் தரகரிலிருந்து வேறானவர்கள்.

பயன்கள்

வாங்குபவருக்குத் தரகரால் கிடைக்கும் முதல் நன்மை, ஆவணங்களை நிலத்தோடு பொருத்திப் பார்க்க முடிவது. வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் வராமல் போகலாம். பத்திரத்தில் ‘வடக்கே இருபதடிப் பாதை’ என்றிருக்கும். நேரில் போனால் பாதையில் பாதி பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் இருக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாக நடந்து காட்டும் தரகர், முன்பணம் கைமாறும் முன்பே அந்தச் சிக்கலை வெளிக்கொணர்கிறார். விற்பவரின் அக்காள் கையெழுத்திட ஒப்பவில்லை என்பதும், கிணற்றில் இன்னொருவருக்குப் பங்குண்டு என்பதும் அவருக்கே முதலில் தெரியும்.

நிலத்தின் வகையை அறிவது அடுத்தது. கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, பூமிதான நிலம் ஆகியவை காகிதத்தில் சாதாரண மனைபோல் தோன்றக்கூடும். செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையை ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் பிறருக்கு விற்கக் கூடாதது. மழைநீர் எங்கே தேங்கும் என்பதையும் எந்தச் சான்றும் சொல்லாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி ஆகிய பகுதிகள் பட்ட பாடு, இந்த அறிவின் விலையை உணர்த்தியது.

விற்பவருக்குச் சரியான விலையும் நேரமிச்சமும் கிடைக்கின்றன. அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு, சந்தை விலை வேறு. அண்மையில் அதே தெருவில் எந்த விலைக்குக் கைமாறியது என்பதைத் தரகர் அறிவார். பார்த்துவிட்டுப் போக வருபவர் யார், பணத்தோடு வரும் பார்ட்டி யார் என்று பிரித்தறிந்து அழைத்துவருவார். இருவரும் நேருக்கு நேர் பேசினால் கௌரவப் பிரச்சினையாகிவிடும் விலைப்பேச்சு, நடுவில் ஒருவர் நின்றால் முடிந்துவிடுகிறது.

செலவுக் கணக்கிலும் அவர் வழிகாட்டுகிறார். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தை வாங்குபவர் 1 விழுக்காடு வருமான வரி பிடித்துச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராயின் விதி வேறு. இவற்றை முன்கூட்டியே சொல்லும் தரகர் பதிவு நாளன்று வரும் தகராறைத் தவிர்க்கிறார்.

கமிஷன்

விற்பனைக்கு ஒவ்வொரு தரப்பிடமும் விலையில் 1 முதல் 2 விழுக்காடும், வாடகைக்கு ஒரு மாத வாடகையும் பெறுவது பரவலான வழக்கம். இரு தரப்பிலும் பெறுவது இருவருக்கும் உழைத்ததற்கான ஊதியமே. இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே நெறி. தனி ஒப்பந்தம் இல்லாவிடில், ஒப்படைத்த வேலை முடிந்த பின்னரே ஊதியம் கோரலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு. உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தமக்கென வாங்கி விற்று ஈட்டிய இலாபத்தை உரிமையாளர் கோரலாம் என்கிறது 216-ஆம் பிரிவு.

கல்கத்தாவின் அம்ரதல்லா தெருச் சொத்து ஒன்றைப் பற்றிய அப்துல்லா அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-இல் அளித்த தீர்ப்பு இத்துறையில் முதன்மையானது. விலை பேசும்படி அமர்த்தப்பட்ட தரகருக்கு, உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் சொன்ன நிபந்தனைக்கு வாங்க ஆயத்தமானவரைக் கொண்டுவந்தால் கமிஷனுக்கு உரியவராகிறார் என்பது அதன் சாரம்.

சட்டநிலை

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகரை முதன்முறையாகப் பதிவு பெற்ற தொழிலராக்கியது. முகவர்கள் பற்றிய பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளன. சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தருபவர் தாமும் பதிவு பெற வேண்டும். தம் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்கக் கூடாது; கணக்கேடுகள் வைக்க வேண்டும்; முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். மீறிப் பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம். அது சொத்து விலையில் 5 விழுக்காடுவரை உயரலாம். இதனால் பதிவு எண் உள்ள தரகரை நாடுவது வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

இன்றைய நிலை

இணையத் தளங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் பெருகியுள்ளன. ஆயினும் பழைய வீடு, தனி மனை மறுவிற்பனை பார்க்கும் தரகர்கள் பெரும்பாலும் பதிவு வளையத்துக்கு வெளியே உள்ளனர். அவர்களையும் சட்டம் உள்ளே கொண்டுவர வேண்டும்.